நனையாம இருக்க காசு செலவு பண்ணாதீங்க, சீக்கிரம் காயறதுக்கு பண்ணுங்க!



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட்னு பேசிக்கிட்டு இருந்தவன் திடீர்னு ரெயின்கோட், செருப்பு பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. இதுவும் பணம் பத்தின விஷயம்தான். சொல்லப்போனா, சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் வருஷத்துல நான் பண்ணின தேவையில்லாத செலவுகள்ல பெரியது ஷேர் மார்க்கெட்ல போனது இல்ல. மழையில போனதுதான்.

வீடியோவா சொன்னா 10 நிமிஷத்துல முடிக்கணும், கணக்கை விரிவா காட்ட முடியாது. அதான் இங்க எழுதறேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பதிவுல எந்த வாங்கற லிங்க்கும் கிடையாது. எந்த பிராண்டையும் நான் சிபாரிசு பண்ணல.

5,610 ரூபாய் பாடம்

2017. கும்பகோணத்துல இருந்து சென்னை வந்து, பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில சேர்ந்து நாலு மாசம். கைக்கு வர்ற சம்பளம் 21,000 ரூபாய். இன்னும் ப்ரொபேஷன்தான். வேலைக்குச் சேரும்போது தி.நகர்ல 2,400 ரூபாய் கொடுத்து ஒரு கறுப்பு லெதர் ஷூ வாங்கியிருந்தேன். என் வாழ்க்கையில அதுவரைக்கும் நான் வாங்கினதுலயே விலை அதிகமான காலணி அதுதான்.

நவம்பர் முதல் வாரம் மழை பிடிச்சுக்கிச்சு. அந்த வருஷம் சென்னையில இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாளே பஸ் ஸ்டாப்புல இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் கணுக்கால் தண்ணி. ஷூ முழுக்க நனைஞ்சு, நடந்தா உள்ள சளக் சளக்னு சத்தம். ஏசி ஹால்ல ஒன்பது மணி நேரம் அந்த ஷூவோட உட்கார்ந்திருந்தேன். ராத்திரி ரூம்ல ஃபேனுக்குக் கீழ வச்சேன். காலையில பாதிதான் காய்ஞ்சிருந்தது. அதையே மாட்டிக்கிட்டு மறுபடியும் போனேன். இப்படியே அஞ்சு நாள்.

ஏன் செருப்பு போட்டுக்கிட்டுப் போகலன்னு கேப்பீங்க. பயம். ஜாயினிங் டாக்குமெண்ட்ல 'ஃபார்மல் ஷூ கட்டாயம்'னு ஒரு வரி இருந்தது. ப்ரொபேஷன்ல இருக்கிறவன் செருப்போட போய் நின்னா என்ன நினைப்பாங்கன்னு பயம். யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல.

ஆறாவது நாள் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோன மாதிரி ஆயிடுச்சு. ஊர்ப்பக்கம் இதைச் சேத்துப்புண்ணுன்னு சொல்வாங்க. வயல்ல நாத்து நடறவங்களுக்கு வர்றது, ஏசி ஹால்ல உட்கார்ந்திருந்த எனக்கு வந்துச்சு. நடக்க முடியல. அந்த மாச நோட்டுல எழுதின கணக்கு இது:

- லெதர் ஷூ (சோல் பிரிஞ்சு, பூஞ்சை பிடிச்சு, தூக்கிப் போட்டது): ரூ. 2,400
- ஸ்கின் டாக்டர் ஃபீஸ், ரெண்டு தடவை: ரூ. 800
- மாத்திரை, க்ரீம், பவுடர்: ரூ. 650
- ரோட்டோரத்துல வாங்கின பிளாஸ்டிக் ரெயின்கோட் ரெண்டு: ரூ. 360
- ரெண்டு நாள் சம்பளப் பிடித்தம் (ப்ரொபேஷன்ல லீவ் கிடையாது): ரூ. 1,400

மொத்தம் 5,610 ரூபாய். கைக்கு வந்த சம்பளத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல. அந்த மாசம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்துல கை வச்சேன். அதை இன்னும் மறக்கல.

சென்னையில யாராலயும் நனையாம இருக்க முடியாது

அடுத்த வருஷம் நான் பண்ணின தப்பு இன்னும் பெருசா இருந்திருக்கும், நல்லவேளை கடைசி நிமிஷத்துல நிறுத்திட்டேன். 'வாட்டர்ப்ரூஃப்'னு போட்டிருந்த ஒரு ட்ரெக்கிங் ஷூ, கூட ஒரு ஜாக்கெட், ரெண்டும் சேர்த்து 9,000 சொச்சம். நோ காஸ்ட் இஎம்ஐ, ஆறு மாசம். கார்ட்ல போட்டு வச்சுட்டு பணம் கட்டப் போற நேரத்துல ஒரு யோசனை வந்துச்சு. தண்ணி ஷூவோட துணி வழியா வந்தாத்தானே அது தடுக்கும்? மேல இருந்து வந்தா?

யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல பிரச்சினை தூறல் இல்ல. தேங்கி நிக்கற தண்ணி. கணுக்காலுக்கு மேல தண்ணி ஏறிடுச்சுன்னா எந்த வாட்டர்ப்ரூஃப் ஷூவும் ஒரு குவளைதான். தண்ணி மேல வழியா உள்ள போகும். அதுக்கப்புறம் அந்த வாட்டர்ப்ரூஃப் லேயரே உள்ள போன தண்ணியை வெளிய விடாது. சாதா கேன்வாஸ் ஷூவாவது காயும், இது சீக்கிரத்துல காயாது.

ஜாக்கெட்டும் அதே கதைதான். 'ப்ரீத்தபிள்'னு விலை அதிகமா விக்கற ஜாக்கெட்டுக்குள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கும். மழைத்துளி உள்ள வராது, வியர்வை ஆவி மட்டும் வெளிய போகும்ங்கறதுதான் ஐடியா. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனா அது வேலை செய்யணும்னா உள்ள வெக்கையும் ஈரமும் அதிகமா, வெளிய குளிரும் வறட்சியுமா இருக்கணும். அந்த வித்தியாசம்தான் ஆவியை வெளிய தள்ளும். சென்னையில மழை நேரத்துல வெளியவும் புழுக்கம்தான், காத்துல ஈரம் ததும்பும். ஆவி எங்க போகும்? ஜாக்கெட்டுக்குள்ள நீங்க வேர்வையில நனைவீங்க, வெளிய மழையில நனைவீங்க. இதுக்கு 5,000 ரூபாய்!

அதனால என் கருத்து இதுதான்: நம்ம ஊர் மழைக்கு 'நனையாத' பொருளைத் தேடாதீங்க. 'சீக்கிரம் காயற' பொருளைத் தேடுங்க. கூடவே, போய்ச் சேர்ற இடத்துல ஒரு செட் காய்ஞ்ச உடை வச்சுக்கோங்க. நனையறதைத் தடுக்க ஆகற செலவு அதிகம், பலன் கம்மி. காயறதுக்கு ஆகற செலவு கம்மி, பலன் அதிகம். ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, டூவீலர் ஓட்டறவங்க. அதைத் தனியா சொல்றேன்.

பெங்களூரு, ஊட்டி, வால்பாறை பக்கம் வேலை செய்யறவங்க இதை அப்படியே எடுத்துக்க வேண்டாம். அங்க மழையோட குளிரும் வரும், நல்ல ஜாக்கெட்டுக்கு அங்க அர்த்தம் இருக்கு. நான் பேசறது வடகிழக்குப் பருவமழையில மாட்டிக்கிற சென்னை, கடலூர், புதுச்சேரி, நாகை பக்கத்து ஆளுங்களுக்கு.

முதல்ல கால்

கையில காசு கம்மியா இருந்தா எதை முதல்ல வாங்கணும்? ரெயின்கோட்டுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நான் செருப்புன்னு சொல்வேன். தலை நனைஞ்சா துடைச்சா முடிஞ்சது. கால் ஈரத்துலயே ஒன்பது மணி நேரம் இருந்தா டாக்டர் ஃபீஸ்.

பின்னாடி பட்டை வச்ச சாண்டல், நம்ம கடைகள்ல ஃப்ளோட்டர்ஸ்னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. மழைக்கு அதுக்கு நிகர் வேற இல்ல. இப்ப நான் போடறது 900 ரூபாய். வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, சோல். கவுத்துப் போட்டுப் பாருங்க. ஆழமான பள்ளம் பள்ளமா, ரப்பர் மாதிரி பிடிமானத்தோட இருக்கணும். நகத்தால அழுத்தினா கொஞ்சம் அமுங்கணும். கல்லு மாதிரி இருந்தா ஆபீஸ் லாபி டைல்ஸ்ல வழுக்கும். ரோட்டுல விழறதை விட லாபியிலயும் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டுலயும் விழறவங்கதான் எனக்குத் தெரிஞ்சு அதிகம்.

ரெண்டு, பட்டை. லெதர் வேண்டாம், உள்ள ஸ்பாஞ்சு தடிமனா வச்சதும் வேண்டாம். ரெண்டுமே தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் பட்டைன்னா ஒரு மணி நேரத்துல பெரும்பாலும் காய்ஞ்சிடும்.

மூணு, முன்பக்கம். விரல் மூடியிருக்கிற மாடல் கிடைச்சா அதை எடுங்க. கலங்கின தண்ணிக்குள்ள கண்ணாடித் துண்டு, கம்பி, உடைஞ்ச ஸ்லாப் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

'வீட்டுல ஹவாய் செருப்பு இருக்கே, அது போதாதா?'ன்னு கேப்பீங்க. வீட்டுக்குப் பக்கத்துல பால் வாங்கப் போக போதும். ஆபீஸுக்கு வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் பின்னாடி சேத்தை வாரி அடிக்கும். பேன்ட் பின்பக்கம் முட்டி வரைக்கும் புள்ளி புள்ளியா கோலம் போட்டிருக்கும், நமக்கே தெரியாது. தேய்ஞ்ச ஹவாய் ஈர டைல்ஸ்ல சறுக்கும். தண்ணி கொஞ்சம் வேகமா ஓடினா காலை விட்டுட்டு தானே மிதந்து போயிடும். க்ராக்ஸ் மாதிரி இருக்கிற மூடின செருப்பு இதைவிடப் பரவாயில்ல, ஆனா பின்பட்டையை மாட்டிக்கிட்டுப் போடுங்க, சோல் மழமழன்னு ஆனதும் மாத்திடுங்க.

கம் பூட்? தெருவுலயே முழங்கால் தண்ணி நிக்கற ஏரியாவுல இருக்கிறவங்க வீட்டுக்கு ஒரு ஜோடி வச்சுக்கலாம், முக்கியமா வெள்ளம் வடிஞ்சப்புறம் வீடு கழுவ. தினசரி ஆபீஸ் போக வர அது சரிப்படாது.

ஆபீஸ் ஷூ ஆபீஸ்லயே இருக்கட்டும்

அக்டோபர் 15-ல இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் என் ஃபார்மல் ஷூ வீட்டுக்கு வராது. டெஸ்க் டிராயர்ல, ஒரு துணிப்பைக்குள்ள இருக்கும். போகும்போதும் வரும்போதும் ஃப்ளோட்டர்ஸ்தான். ஆபீஸ் போனதும் காலைக் கழுவி, நல்லா துடைச்சு, காய்ஞ்ச சாக்ஸ் போட்டு, ஷூ மாட்டிக்குவேன். இதுக்கு ஆகற கூடுதல் செலவு ஒரு சின்ன டவல், ரெண்டு ஜோடி சாக்ஸ், அதைப் போட்டு வைக்க ஒரு ஜிப் கவர். 200 ரூபாய்.

டிராயர் வசதி இல்லாத ஆபீஸும் இருக்கு, தெரியும். தினம் தினம் உட்கார்ற இடம் மாறும். அப்ப செக்யூரிட்டி அண்ணன்கிட்டயோ, பேன்ட்ரி அக்காகிட்டயோ கேட்டுப் பாருங்க. இல்லன்னா ஷூவை கவர்ல சுத்தி பையிலயே எடுத்துக்கிட்டுப் போங்க. கனம்தான், ஆனா 2,400 ரூபாய் மிச்சம்.

ஒருவேளை லெதர் ஷூ நனைஞ்சிடுச்சுன்னா வெயில்லயோ ஹேர் ட்ரையர்லயோ காய வைக்காதீங்க. தோல் விறைச்சு வெடிச்சிடும். பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ள திணிங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேப்பரை மாத்துங்க. ஃபேன் காத்துல ஒரு முழு நாளாவது விடுங்க. அதனாலதான் மழைக்காலத்துல ஒரே ஜோடியை தினமும் போடக் கூடாது.

சிக்கனமா இருக்கிறவங்க மாட்டிக்கிற இன்னொரு விஷயம். 'நல்ல ஷூ, மழையில கெடுத்துடக் கூடாது'ன்னு பெட்டியில போட்டு ரெண்டு மூணு வருஷம் பத்திரமா வைப்போம். ஒரு கல்யாணத்துக்கு எடுத்து மாட்டினா மண்டபத்துலயே சோல் பொடிப்பொடியா உதிரும். ஏமாத்திட்டான்னு கடைக்காரனைத் திட்டுவோம். பியூ சோல், அதாவது பாலியூரித்தேன், காத்துல இருக்கிற ஈரத்தாலயே மெல்ல மெல்ல உள்ளுக்குள்ள சிதையற பொருள். சும்மா மூடி வச்சாலும் கெடும். பத்திரப்படுத்தினா மிச்சம்னு இல்ல, போட்டுத் தீர்க்கறதுதான் லாபம்.

துணி: ஜீன்ஸுக்கு மூணு மாசம் ரெஸ்ட் கொடுங்க

ஜீன்ஸ்னா தடிமனான பருத்தி. பருத்தி தண்ணியை இழுத்து வச்சுக்கும். ஒரு கணக்கு சொல்றேன். ஆய்வகத்துல வைக்கற சாதாரண காத்து ஈரத்துல, நனையாமலேயே, பருத்தி தன் எடையில சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வச்சிருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். நனைஞ்சா இந்த வித்தியாசம் என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க. முட்டிக்குக் கீழ நனைஞ்ச ஜீன்ஸ் சாயங்காலம் வரைக்கும் காயாது. பாலியஸ்டர் கலந்த மெல்லிய ஃபார்மல் பேன்ட் ரெண்டு மணி நேரத்துல காய்ஞ்சிடும். வெயில் காலத்துல புழுங்குதுன்னு ஒதுக்கி வச்ச அதே பேன்ட்தான். புதுசா வாங்கவே வேண்டாம், பீரோவைத் திறங்க.

பெண்களுக்கு என் அக்கா சொன்ன டிப்ஸ் இது, அவங்க தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போறவங்க. தரையைத் தொடற பலாஸோவும் அகலமான பாட்டமும் மழைக்கு ஆகாது, ஓரம் முழுக்க தண்ணியை உறிஞ்சி மேல ஏத்தும். கணுக்காலுக்கு மேல நிக்கற பேன்ட்டோ லெக்கிங்ஸோ போதும். வெளிர் நிற காட்டன் நனைஞ்சா உள்ள தெரியும், அடர் நிறமா எடுங்க. டூவீலர்ல பின்னாடி உட்கார்ந்தா துப்பட்டாவை முடிச்சு போட்டு உள்ள செருகிடுங்க.

டெஸ்க்ல ஷூவோட ஒரு காய்ஞ்ச சட்டை அல்லது குர்தி, ஒரு செட் உள்ளாடை இருக்கட்டும். எல்லாம் வீட்டுல இருக்கிறதுதான், செலவு பூஜ்யம்.

விதிவிலக்கு: டூவீலர் ஓட்டறவங்க

இங்க மட்டும் 'நனைஞ்சா நனையட்டும்'னு விடக் கூடாது. ஓஎம்ஆர்ல அரை மணி நேரம் மழைக் காத்துல போனா உடம்பு நடுங்கும், கை விறைக்கும், பிரேக் பிடிக்கறது தாமதமாகும். இது உயிர் விஷயம். அதனால ஒரு நல்ல ரெயின்சூட், சட்டை தனியா பேன்ட் தனியா இருக்கிறது, கட்டாயம்.

போன்ச்சோ வேண்டாம். கழுத்துல மாட்டிக்கிட்டு தொங்கவிடற அந்த ரெயின்கோட் நடக்கறவங்களுக்கு சரி. வண்டியில காத்துல பறந்து சக்கரத்துலயோ செயின்லயோ மாட்டினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

கடையில ரெயின்சூட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேல டேப் மாதிரி ஒட்டியிருக்கணும். டேப் இல்லன்னா ஒவ்வொரு ஊசி ஓட்டையும் ஒரு குழாய்தான். பேன்ட்டோட நடுத் தையலை முக்கியமா பாருங்க. வண்டியில உட்காரும்போது சீட்ல தண்ணி தேங்கற இடம் அது, முதல்ல ஒழுகறதும் அங்கதான். லேபிள்ல 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு போட்டிருந்தா தூறலுக்கு மட்டும்னு அர்த்தம். 'வாட்டர்ப்ரூஃப்'னு இருக்கணும். நிறம் கறுப்பு, நேவி புளூ வேண்டாம். மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்க, முதுகுல ரிஃப்ளெக்டர் பட்டை இருந்தா நல்லது. மழையில பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு நீங்க தெரியணும். பேன்ட்டோட கீழ்ப்பகுதி செருப்புக்கு வெளிய தொங்கணும், உள்ள செருகினா தண்ணி நேரா பாதத்துக்குத்தான் வரும்.

இப்ப கணக்கு. ரோட்டோர பிளாஸ்டிக் ரெயின்கோட் 180 ரூபாய். என் அனுபவத்துல எட்டு ஒன்பது தடவை போட்டா அக்குள்ல கிழியும். ஒரு தடவைக்கு 20 ரூபாய். நான் இப்ப வச்சிருக்கிற ரெயின்சூட் 1,400 ரூபாய். சென்னையில அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வழக்கமா 25-ல இருந்து 30 மழை நாள். 25-னே வச்சுக்கோங்க. மூணு சீசன் உழைச்சா 75 நாள். ஒரு நாளைக்கு 19 ரூபாய்க்குள்ள.

பாத்தீங்களா? ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. மலிவானதுன்னு நினைச்சு வாங்கினது மலிவா இல்ல, விலை அதிகம்னு நினைச்சது அதிகமா இல்ல. ஒண்ணுல நனைவீங்க, இன்னொண்ணுல நனைய மாட்டீங்க, அவ்வளவுதான். ஆனா இந்தக் கணக்கு நிக்கணும்னா நீங்க ஒண்ணு செய்யணும். ஈரத்தோட மடிச்சு சீட்டுக்கு அடியில திணிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நிழல்ல தொங்கவிடணும். ஈரத்தோட மடிச்சா ஒட்டிக்கிட்டு, பிரிக்கும்போது கோட்டிங் உரியும். மூணு சீசன் ஒரே சீசன் ஆயிடும்.

பஸ், ட்ரெயின்ல போறவங்களுக்கு ரெயின்சூட் தேவையில்ல. ஒரு நல்ல நீளக் குடை, 450 ரூபாய். மூணா மடிக்கற குடை பைக்குள்ள அடங்கும், ஆனா டிசம்பர் புயல் காத்துல முதல் வீச்சுலயே திரும்பிக்கும். ஃபைபர் கம்பி வச்ச நீளக் குடை வளைஞ்சு கொடுக்கும்.

பைக்கு மேல ஒரு ரெயின் கவர், 250 ரூபாய். அதை மட்டும் நம்பாதீங்க, முதுகுப் பக்கம் அது மூடாது. லேப்டாப்பை உள்ள ஒரு கெட்டியான ஜவுளிக்கடை கவர்ல போட்டு வாய மடிச்சு வைங்க. அந்தக் கவர் எல்லார் வீட்டுலயும் கதவுக்குப் பின்னாடி நூறு தொங்குது.

பட்ஜெட்டை எப்படிப் போடறது?

மொத்தமா பாப்போம். ஃப்ளோட்டர்ஸ் 900, டவல் சாக்ஸ் 200, ரெயின்சூட் 1,400, குடை 450, பை கவர் 250. எல்லாம் சேர்த்து 3,200. டூவீலர் இல்லன்னா 1,800. நான் 2017-ல மழைக்குத் தொலைச்ச 5,610-ஓட ஒப்பிட்டுப் பாருங்க.

நம்ம மக்கள் கிட்ட நான் பாக்கற பெரிய முரண் என்னன்னா, தீபாவளியும் மழையும் ஒரே நேரத்துலதான் வருது. போனஸ் வந்ததும் 6,000, 8,000-னு டிரஸ் எடுக்கறோம். அதை எடுத்துக்கிட்டு வெளிய வர்றதுக்குள்ள மழையில நனைஞ்சு, வாசல்ல நிக்கறவர்கிட்ட 180 ரூபாய் பிளாஸ்டிக் கோட் வாங்கறோம். மழைன்னு ஒரு செலவு வரும்னு நமக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வருது. தெரிஞ்சு வர்ற செலவு எமர்ஜென்சி கிடையாது. அதுக்கு எமர்ஜென்சி ஃபண்டைத் தொடக் கூடாது, கிரெடிட் கார்டையும் தேய்க்கக் கூடாது.

பிப்ரவரில இருந்து செப்டம்பர் வரைக்கும் எட்டு மாசம், மாசம் 400 ரூபாய் தனியா ஒதுக்குங்க. ஆர்டி போடற அளவுக்குப் பெரிய தொகை இல்ல, தனி டப்பாவோ வேலட்டோ போதும். முதல் வருஷத்துக்கு அப்புறம் ஃப்ளோட்டர்ஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ரெயின்சூட் மூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தினா மாசத்துக்கு 100 ரூபாய் போதும்.

ஆகஸ்ட், செப்டம்பர்ல வாங்குங்க. அப்பதான் சைஸ் எல்லாம் இருக்கும், நின்னு நிதானமா திருப்பிப் பாத்து வாங்கலாம். இன்னொரு சின்ன விஷயம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஒரு ஜோடி காலணி விலை 2,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18 சதவீதம். அந்தக் கோட்டை 100 ரூபாய் தாண்டற ஷூ, வரியால மட்டுமே 300 ரூபாய்க்கு மேல கூடிடும். ஃபார்மல் ஷூ வாங்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

எதுவும் உதவாத நாள் ஒண்ணு இருக்கு

2015 டிசம்பர் 1, 2023 டிசம்பர் 4 மாதிரி நாட்கள்ல எந்தச் செருப்பும் எந்தக் கோட்டும் உதவாது. முழங்கால் அளவு தண்ணியில இறங்கி ஆபீஸ் போக வேண்டாம். தண்ணிக்குள்ள அறுந்த மின்கம்பி இருக்கலாம், மூடி இல்லாத சாக்கடை இருக்கலாம். மேனேஜருக்கு மெசேஜ் போட்டுட்டு வீட்டுல இருங்க. சம்பளத்துல ஒரு நாள் போனா போகட்டும்.

தவிர்க்க முடியாம தேங்கின தண்ணியில நடந்துட்டீங்கன்னா வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் காலைக் கழுவுங்க. கால்ல காயம் இருந்தா இறங்கவே இறங்காதீங்க. எலிக்காய்ச்சல் கிருமி எலி சிறுநீர் கலந்த தண்ணியில இருந்து காயம் வழியா உள்ள போகும். அடுத்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா, மழைத் தண்ணியில நடந்தேன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

கேக்காததுதான் பெரிய செலவு

கடைசியா, அந்த 2017 கதையில மிச்சம் இருக்கிறது. சேத்துப்புண் ஆறி ஆபீஸுக்குத் திரும்பின அன்னைக்கு, வேற வழியில்லாம செருப்போடதான் போனேன். ஹெச்ஆர் மேடம் லிஃப்ட்ல பாத்துட்டு என்னப்பா ஆச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். "மழை நாள்ல எல்லாரும் செருப்புலதானே வராங்க, உள்ள வந்து மாத்திக்கிறாங்க. நீ ஏன் கேக்கல?"ன்னாங்க. சுத்திப் பாத்தேன். எங்க டீம்ல பாதிப் பேரோட டெஸ்க் அடியில ஒரு ஜோடி ஷூ இருந்தது. நாலு மாசமா நான் கவனிக்கவே இல்ல.

புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்காக இதைச் சொல்றேன். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்க. டிரஸ் கோட் கறாரா இருக்கிற ஆபீஸ்னா ஒரு மெயில் போடுங்க: 'மழைக்காலத்தில் வந்து செல்லும்போது மட்டும் சாண்டல் அணியலாமா?' பெரும்பாலான இடத்துல சரின்னுதான் சொல்வாங்க. டீம் லீடா இருக்கிறவங்க, ஜூனியர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. அவன் பயந்துக்கிட்டு ஈர ஷூவோட உட்கார்ந்திருப்பான்.

எங்கப்பா ஒரு அரசு அலுவலகத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மேஜைக்கு அடியில எப்பவும் ஒரு மஞ்சப்பை இருக்கும். உள்ள ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு ஜோடி பழைய செருப்பு. நான் சென்னைக்குக் கிளம்பும்போது, "ஆபீஸ்ல ஒரு செட் வச்சுக்கோடா"ன்னு சொன்னார். 'கார்ப்பரேட் ஆபீஸ்ல அதெல்லாம் நல்லா இருக்காதுப்பா'ன்னு சொல்லிட்டு வந்தவன் நான்.

இந்த வாரக் கடைசியில ஒரு வேலை பண்ணுங்க. உங்க மழை செருப்பைக் கவுத்துப் போட்டு சோலைப் பாருங்க. ரெயின்சூட்டை உள்பக்கம் திருப்பி தையலைப் பாருங்க. திங்கட்கிழமை போகும்போது ஒரு ஜோடி சாக்ஸும் ஒரு டவலும் பையில இருக்கட்டும்.

அடுத்த பதிவுல வண்டி இன்சூரன்ஸ்ல மழைத் தண்ணி எஞ்சினுக்குள்ள போனா என்ன ஆகும்னு பாப்போம். அதுவரைக்கும் கால் காய்ஞ்சு இருக்கட்டும்.